ரூபியின் குரல் காணாமல் போன வாரம்

தென்காசியில் ரூபியைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ரூபியின் குரலைத் தெரியாதவர்கள் அதைவிடக் கொஞ்சம். புதுசாக நகைக்கடை திறந்தாலும், கண் சிகிச்சை முகாம் நடந்தாலும், கறிக்கோழி விலை இறங்கினாலும், ஆட்டோவின் மண்டையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் தெருத் தெருவாகப் போய்ச் சொல்வது அவள் குரல்தான். "அன்பார்ந்த தென்காசி வாழ் பெருமக்களே" என்று அவள் எடுத்தால், குழாயடியில் சண்டை போடுகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நிறுத்திக் காதைக் கொடுப்பார்கள்.

ஒரு தடவை மேலகரத்தில் தன் வீட்டு வாசலில் மீன்காரரிடம் சாளை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு முற்றி, "இதென்ன மீனா, நேத்து செத்ததா, போன மாசம் செத்ததா" என்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து விளம்பர ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தது. "இன்முகத்துடன் வரவேற்கிறோம், வாருங்கள்" என்று அதே குரல் தேனாகச் சொட்டியது. மீன்காரர் ஆட்டோவைப் பார்த்தார், ரூபியைப் பார்த்தார், மறுபடியும் ஆட்டோவைப் பார்த்தார். இரண்டு மீனைக் கூடப் போட்டுவிட்டுப் போனார்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு விபத்து. அவள் போகிற சர்ச்சில் ஊருக்கே சோறு போடும் அசன விருந்தன்று, கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர்கள் ஏகப்பட்ட பேர். மைக்கைப் பிடிக்க வேண்டிய ஆளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ரூபியை மேடையில் ஏற்றிவிட்டார்கள். தொலைந்த செருப்புகளை அவள் அறிவித்த அழகைக் கேட்டு அசந்துபோனவர் மைக்செட் போட வந்த மந்திரமூர்த்தி. செருப்பையே இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுகிற ஆள், சேலையை எப்படிக் கூப்பிடுவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மறுவாரமே விளம்பரம் பேசக் கூட்டிப்போனார். அதற்கப்புறம் அவர் ஆட்டோவில் வேறு குரல் ஏறவில்லை.

முதலில் மந்திரமூர்த்தியின் கடையில் போய்ப் பேசினாள். பிறகு ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வந்தது. பக்கத்து வீட்டு ஹாஜரா பீவியின் மகன் முகம்மது ஆசிக், சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போகிறதற்கு முன்னால், அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். பழைய மிஷினுக்கு அதுதான் தாங்கும், வைரஸும் அண்டாது என்றான். பின்பக்கம் பச்சை ஓட்டையில் ஸ்பீக்கர், ரோஸ் ஓட்டையில் மைக். வீட்டின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். தப்பு வந்தால் வெட்டுவாள், இருமல் வந்தால் வெட்டுவாள், அடியில் நாதஸ்வரத்தையோ கிடாரையோ ஓடவிடுவாள். இத்தனை வருஷத்தில் தென்காசி மக்கள் ரூபி திக்கிப் பேசிக் கேட்டதே கிடையாது.

இந்த வருஷம் சாரல் பிடித்துச் சீசன் சூடேறிய நேரத்தில் மந்திரமூர்த்தி ஒரு அவசர வேலையோடு வந்தார். முகம்மது சலீம் என்பவர் புதுசாக ஜவுளிக்கடை திறக்கிறார், சனிக்கிழமை காலையில் திறப்பு விழா, அன்றைக்கு ஊர் பூராவும், குற்றாலம் பூராவும் ஆட்டோ சுற்ற வேண்டும் என்றார். ரூபி சரியென்று உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். மைக்கில் இரண்டு வரி பேசினாள். திரையில் கோடு அசையவே இல்லை. பழைய விளம்பரம் ஒன்றை ஓடவிட்டாள். அதிலும் சத்தம் இல்லை.

ஸ்பீக்கரைக் கழற்றிப் போனில் சொருகினாள். போனில் நன்றாகப் பாடியது. வயரை மாற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டாள். கடைசியில் சவுண்டு செட்டிங்கைத் திறந்து பார்த்தால், எப்போதும் நீளமாக ஒரு பெயர் இருக்கிற இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் எழுதியிருந்தது. ரூபிக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் சோறு போட்ட குரலை இந்தப் பெட்டி டம்மி என்கிறதே என்று கோபம் வந்தது.

ஆசிக்குக்குப் போன் போட்டாள். தம்மாமில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். அவன் விளக்கினான்.

"அது உங்களச் சொல்லல அக்கா. சத்தத்த எங்க அனுப்புறதுன்னு அதுக்குத் தெரியல. அதான் பேருக்கு ஒரு வாயத் தொறந்து வச்சுக்கிட்டு, வாறதையெல்லாம் அதுக்குள்ள ஊத்துது."

பிறகு அவன் வாட்ஸப்பில் ஒவ்வொரு வரியாக அனுப்ப, ரூபி அதைக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடுகிற கறுப்பு ஜன்னலில் எழுத்துப் பிசகாமல் அடித்தாள். கம்ப்யூட்டர் திருப்பிச் சொன்னதை, பழக்கதோஷத்தில், போனில் விளம்பரக் குரலிலேயே வாசித்தாள். 'நோ சவுண்ட்கார்ட்ஸ் ஃபவுண்ட்' என்று அவள் ஏற்ற இறக்கத்தோடு சொன்னதைக் கேட்டு, என்னமோ தள்ளுபடி அறிவித்த மாதிரி இருக்கிறது என்று ஆசிக் சிரித்தான். சிரித்தாலும் விடவில்லை. ஒலி அளவு எங்காவது பூஜ்யத்தில் கிடக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். சத்தத்தைக் கவனிக்கிற மென்பொருளை எடுத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னான். கடைசியாக, பெட்டிக்குள் என்னென்ன சாமான் இருக்கிறது என்று கம்ப்யூட்டரையே சொல்ல வைத்தான். நெட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, பென் டிரைவ் சொருக ஒன்று என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தது. சத்தத்துக்கு மட்டும் ஆள் இல்லை.

மதர்போர்டிலேயே சத்தத்துக்கென்று ஒரு சிப்பைப் பதித்திருப்பார்கள், அப்படி ஒன்று இருக்கிறதாகவே இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அனேகமாகச் செத்துப்போயிருக்கும் என்று ஆசிக் தயங்கித் தயங்கிச் சொன்னான். வெளியிலிருந்து சொருகுகிற சின்ன சவுண்டு கார்டு வாங்கினால் சமாளிக்கலாம் என்றான். தென்காசியில் நாலு கடை கேட்டாள். இருந்ததெல்லாம் விற்றுவிட்டது, திங்கட்கிழமைதான் சரக்கு வரும் என்றார்கள்.

செத்துப்போனது என்றதும் ரூபிக்கு ஒரு ஆள்மேல் சந்தேகம் திரும்பியது. புருஷன் கிங்ஸ்லி.

கிங்ஸ்லி மேலகரம் ரோட்டில் இருசக்கர வண்டிகளுக்கு வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். எந்தப் பொருளையும் கழுவினால் நன்றாக ஓடும், கழுவ முடியாததைக் காற்றடித்தால் நன்றாக ஓடும் என்பது அவன் கொள்கை. கொஞ்ச நாளைக்கு முன்னால் ரூபி தம்பி வீட்டுக்கு அச்சன்புதூருக்குப் போயிருந்தபோது, கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிப்போய், மூடியைக் கழற்றி, கம்ப்ரசர் குழாயால் ஊதித் தூசியெல்லாம் எடுத்துக்கொண்டுவந்து வைத்திருந்தான். அதைப் பெருமையாகவும் சொல்லியிருந்தான். அதற்கப்புறம் ரூபி அதில் பேச உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"ஒங்க காத்துல எந்தச் சிப்பு பறந்து எந்தச் சாக்கடையில விழுந்துச்சோ" என்றாள் ரூபி.

"ஏட்டி, சோல்டரிங் பண்ணுன சாமான் காத்துக்குப் பறக்குமா?"

"ஒங்க காத்துக்குப் பறக்கும். அந்த வக்கீலோட வண்டி ஸ்டிக்கரே பறந்துச்சுல்லா?"

அது நடந்ததுதான். அன்றைக்குச் சாயங்காலம் கிங்ஸ்லி ரூபிக்குத் தெரியாமல் கடை வாசலில் குனிந்து குனிந்து தேடினான் என்று பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சொன்னார்.

ரூபி போனில் பதிந்து பார்த்தாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பேசினாள். வெளியே தகரத்தில் சாரல் விழுகிற சத்தமும் சேர்ந்துகொண்டது. சலீம் கடையில் அதைப் போட்டுக் காட்டினார்கள். அவர் நல்ல மனுஷர், யாரையும் புண்படுத்தத் தெரியாதவர். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டுவிட்டு, பேச்சு அருமையாக இருக்கிறது, ஆனால் கிணற்றுக்குள் விழுந்த ஒருத்தர் மேலே நிற்கிறவர்களைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

மந்திரமூர்த்தி அப்போது சொன்னார்: "ரூபிம்மா, பேசாம வண்டியில ஏறிருங்க. மைக்கக் கையில தாரேன். நேரடியாப் பேசுவோம்."

ரூபி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். மேடையில் ஒரு நாள் செருப்புக்காகப் பேசியது வேறு. ஊர் முழுக்கத் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு, வெட்டவும் ஒட்டவும் வழியில்லாமல் பேசுவது வேறு. முடியாது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், மந்திரமூர்த்தி ஆட்டோவின் பின் சீட்டைத் துடைத்துப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ரூபி ஆட்டோவுக்குள் ஒடுங்கி உட்கார்ந்தாள். தேரடி தாண்டுகிறவரை தப்பில்லாமல் போனது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் நாக்கு பிறழ்ந்தது. இரண்டு பட்டுச்சேலை எடுத்தால் ஒரு கிச்சன் செட் இலவசம் என்பதுதான் விளம்பரம். காலையிலும் ஒரு மூச்சு புருஷனைத் திட்டிவிட்டு வந்த வாய் என்பதால் வேறு மாதிரி வந்துவிட்டது.

"இரண்டு பட்டுச்சேலை எடுப்பவர்களுக்கு ஒரு கிங்ஸ்லி இலவசம்!"

டீக்கடையில் கிளாஸைக் கையில் பிடித்திருந்த ஒருத்தர் எட்டிப் பார்த்து, எந்த கிங்ஸ்லி, வாட்டர் சர்வீஸ் கிங்ஸ்லியா என்று விசாரித்தார். பழக்கடைக்காரப் பெண், ஒரு சேலை எடுத்தால் அவரை வாடகைக்காவது கொடுப்பார்களா என்று கேட்டாள். மந்திரமூர்த்தி சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரங்கட்டினார். ரூபிக்குக் காதெல்லாம் சூடானது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் ஊர் திருப்பிப் பேசுகிறது. அவளும் திருப்பிப் பேசினாள். அந்த கிங்ஸ்லியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கம்ப்ரசரையும் சேர்த்து எடுத்துப்போக வேண்டும் என்று மைக்கிலேயே சொன்னாள். முந்தானை எப்போது தோளுக்கு இறங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் குற்றாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே கதை வேறாக இருந்தது. மலையில் திடீரென்று மழை கொட்டி, மெயின் அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்ந்தது. சைரன் அடித்துப் போலீஸ்காரர்கள் எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். பாவம், அது எண்ணெய்க் குளியல் நேரம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து மசாஜ் முடித்த ஆண்கள், குளிக்க வழியில்லாமல், இடுப்பில் துண்டோடு ரோடு முழுக்கப் பளபளவென்று நின்றார்கள். கடைக்காரர்கள் யாரும் அவர்களை உட்காரவிடவில்லை. சாய்ந்து நிற்கச் சுவர்கூடக் கிடைக்கவில்லை.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் பிதுங்கி வெளியே வந்து ஆட்டோவைப் பிடித்துக்கொண்டார். கோவில்பட்டிக்காரர், பெயர் ஆவுடையம்மாள். புருஷனைக் காணவில்லை. அவர் போன், சட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் இவர் கையில் இருந்த பையில் இருந்தன. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஆள் அடையாளம் தெரியாது என்று சொல்லும்போது ஆவுடையம்மாளுக்குக் குரல் உடைந்தது. எவ்வளவு நேரமாகத் தேடுகிறாரோ, புடவையெல்லாம் நனைந்திருந்தது.

ரூபி அவரை உள்ளே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மைக்கை எடுத்தாள். தன்னுடைய முழு அழகோடு ஆரம்பித்தாள்.

"கோவில்பட்டியிலிருந்து வருகை தந்துள்ள திரு. அய்யாத்துரை அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக விளம்பர ஆட்டோ அருகில் வரவும். உடல் முழுவதும் எண்ணெய் தேய்த்து, இடுப்பில் துண்டு மட்டும் அணிந்திருப்பார்."

ரோட்டில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் ஒரு கணம் குனிந்து தங்களையே பார்த்துக்கொண்டார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து, இந்த அடையாளத்துக்கு இந்த ரோட்டில் மட்டும் ஐந்நூறு பேரைப் பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். துண்டு என்ன நிறம் என்று கேட்டு, அதையும் சேர்த்து மூன்று தடவை சொன்னாள். யாரும் வரவில்லை.

ரூபி யோசித்தாள். கண்ணாடி இல்லாத மனுஷர். ஆட்டோ எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எங்கேயாவது பயந்து நிற்கிறவருக்கு, யாரோ ஒருத்தி செந்தமிழில் திரு. என்று கூப்பிட்டால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றாவது தோன்றுமா? மைக்கை அப்படியே ஆவுடையம்மாள் கையில் கொடுத்தாள். வீட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடச் சொன்னாள்.

ஆவுடையம்மாள் மைக்கைப் பார்த்து ஒரு நிமிஷம் மிரண்டார். பிறகு அடிவயிற்றிலிருந்து வந்தது.

"ஏங்க, எங்கன போய்த் தொலைஞ்சிய? நான் இங்கன ஆட்டோக்குள்ள கெடக்கேன். சத்தம் வாற பக்கமா நடந்து வாங்க. யாரு மேலயும் முட்டாம வாங்க."

மலை எதிரொலித்தது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் விலகியது. குள்ளமாக, தொந்தியோடு, எண்ணெய் சொட்டச் சொட்ட ஒருத்தர், கையை முன்னால் நீட்டிக்கொண்டு, குரலை மோப்பம் பிடிக்கிற மாதிரி நேராக வந்தார். ஆவுடையம்மாள் கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டினார். எண்ணெயில் வழுக்கி இறங்கியதை மறுபடியும் ஏற்றிவிட்டார். சுற்றி நின்ற பளபளப்பான கூட்டமே கை தட்டியது. ரூபிக்குக் கண் கலங்கிவிட்டது. சாரல் என்று துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கையோடு மைக்கை வாங்கி, அருவிதான் இன்றைக்கு இல்லையே, நனைந்த துணியோடு ஏன் நிற்கிறீர்கள், தென்காசிக்கு வந்தால் புதுத் துணி மாற்றிக்கொண்டு போகலாம், எண்ணெயைத் துடைத்துவிட்டு வந்தால் சலீம் அண்ணாச்சிக்கு இன்னும் சந்தோஷம் என்று வாய்க்கு வந்ததைத் தன் சொந்தத் தமிழிலேயே பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை ரூபி சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் ஆசிக் போனில் கூப்பிட்டான். மனசு கேட்கவில்லை, திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றான். அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு இப்போது நெட் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டான். இல்லை என்றாள்.

"பிறகு எப்படிக்கா தேதி சரியா இருக்கு?"

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி உண்டு. எப்போது திறந்தாலும் ஜனவரி ஒண்ணாம் தேதி என்றுதான் சொல்லும். போன் நெட்டைக் கொடுத்த பிறகுதான் தேதி ஒழுங்குக்கு வரும். ரூபி இப்போதுதான் கவனித்தாள். திரையின் மூலையில் அன்றைய தேதி, அன்றைய மணி, அச்சடித்த மாதிரி இருந்தது.

கதவோரம் நின்ற கிங்ஸ்லியின் முகம் மலர்ந்தது. "நான்தான் சரி பண்ணுனேன். நீயா கண்டுபிடிப்பேன்னுல்லா இருந்தேன்" என்றான்.

ஆசிக் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினான். காற்றடித்த அன்றைக்கு, போர்டில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரியைக் கிங்ஸ்லி பார்த்திருக்கிறான். கடிகாரத்தில் போடுகிறது மாதிரியே இருக்கிறதே என்று புதுசு வாங்கிப் போட்டான். கம்ப்யூட்டரைப் போட்டதும் நீலக் கலரில் ஒரு பக்கம் வந்து தேதி கேட்டது. தேதி வைத்தான். அத்தோடு விட்டானா? பக்கத்துப் பக்கங்களும் சுவாரசியமாக இருந்ததால் எல்லாவற்றிலும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, சேமிக்கவா என்று அது கேட்டதற்கு மரியாதையாக ஆமாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

ஆசிக் சொன்னபடி, கம்ப்யூட்டர் விழிக்கிற நேரத்தில் டெலீட் பட்டனை அழுத்தி அந்த நீலப் பக்கத்துக்குப் போனார்கள். மூன்றாவது பக்கத்தில், போர்டில் பதித்த சாமான்களின் வரிசையில், ஆடியோ என்ற வரிக்கு எதிரே அணைத்துவைத்ததாக எழுதியிருந்தது. சிப்பு சாகவும் இல்லை, பறக்கவும் இல்லை. அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டியிருந்தது, அவ்வளவுதான். ரூபி அதைத் திறந்துவிட்டுச் சேமித்தாள். கம்ப்யூட்டர் மறுபடியும் கிளம்பியதும் பழைய விளம்பரம் ஒன்றைத் தட்டினாள். 'அன்பார்ந்த' என்று வீடே அதிர்ந்தது. ஹாஜரா பீவி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, வந்துட்டியா என்று குரல் கொடுத்தார்.

"அப்ப என் காத்து மேல தப்பு இல்லல்லா?" என்றான் கிங்ஸ்லி.

"காத்து மேல இல்ல. வெரல் மேல" என்றாள் ரூபி. ஆனாலும் அன்றைக்கு அவனுக்கு மீன் தலை கிடைத்தது. புருஷனை இலவசமாக அறிவித்த கடன் ஒன்று அவள் பக்கமும் இருந்ததே. சனிக்கிழமை சாயங்காலமே வாட்டர் சர்வீஸுக்கு வந்து, சேலை எடுத்த பில்லைக் காட்டி நீங்கள்தானா அது என்று கேட்டவர்கள் உண்டு.

சலீம் கடைக்கு அடுத்த விளம்பரம் வந்தபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். குற்றாலத்தில் பேசிய மாதிரி வேண்டும், வெட்டி ஒட்டிய மாதிரி வேண்டாம். ரூபி உள்ளறையில் உட்கார்ந்து எவ்வளவோ முயன்றாள். வரவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினால் அன்பார்ந்த பெருமக்கள்தான் வந்தார்கள். கடைசியில் கிங்ஸ்லியைக் கூப்பிட்டு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தாள். எதையும் தொடக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு, ரோட்டில் நிற்கிற ஆள் மாதிரி குறுக்கே ஏதாவது கேள், போதும் என்றாள்.

கிங்ஸ்லி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் சேலைகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல உன்னிப்பாகக் கேட்டான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் சரிம்மா, அந்தக் கடையில லுங்கி உண்டா?" என்றான்.

ரூபி சிரித்த சிரிப்பும் அதிலேயே பதிந்துவிட்டது. அவள் வெட்டப் போனாள். மந்திரமூர்த்தி விடவில்லை. இப்போது அந்த ஆட்டோ அப்படியே இலஞ்சி வரைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.